சேறாகவும் இருக்கலாம்

கொள்ளிடத்தின் நடுவில், மணலும் கோரையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், வெள்ளையாக ஒன்று நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஸ்ரீரங்கத்துக் கரையில், கழுத்தில் பைனாகுலர் தொங்க, நாங்கள் ஒரு சிறு கூட்டம்.

“சின்னக் கொக்கு” என்றார் ஒருவர்.

“கழுத்த உள்ள இழுத்துக்கிட்டுத் தூங்குது பாருங்க” என்றார் இன்னொருவர்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கவும் இல்லை.

“அசையுதேக்கா!”

“காத்தடிச்சா வேட்டியுந்தான் அசையும்.”

வெயில் ஏறியது. டீக்கடை ஞாபகம் வந்தவர்கள் கால் மாற்றிக் கால் ஊன்றினார்கள். அக்கா அப்படியே நின்றார். கடைசியில் மேற்கிலிருந்து வந்த ஒரு காற்று அந்த வெள்ளையைத் தூக்கி உருட்டிக்கொண்டு வந்தது. நகைக்கடைப் பை. அதன் மேல் சிரித்த மணப்பெண்ணின் முகம்கூடத் தெரிந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஜெயித்த முகமும் இல்லை.

“கொக்காவும் இருந்திருக்கலாம்” என்று எங்களுக்காகச் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் அப்படித்தான். பார்த்ததை மட்டும் சொல்வார். பாதி பார்த்ததைப் பாதி என்று சொல்வார். இதைக் கேட்கும்போது பெரிய குணம் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் பல நேரம் பல்லைக் கடிக்க வைக்கும். எடமலைப்பட்டி புதூரில் அவருடைய சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. வழியில் வண்டியை நிறுத்தி என்னையும் உள்ளே கூட்டிப் போனார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மூக்கு அப்பா மூக்கு, நெற்றி தாத்தா நெற்றி என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றவளின் மாமியார் ஆசையாகக் கேட்டார்: “நீ சொல்லும்மா, யார உரிச்சு வச்சிருக்கு?”

அக்கா குனிந்தார். இடது கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இன்னும் யாரு மாதிரியும் இல்ல.”

எங்களுக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அந்த இடது கண் இடுக்கல் தொழிலால் வந்தது. புத்தூர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுபவர் அவர். வாழ்நாளில் பாதியை ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்ததால், மனிதர்கள் பேசும்போதும் ஒரு கண் தானாக இடுங்கிவிடும். நாம் மெல்லியதாகத் தேய்க்கப்பட்டு விளக்கின் மேல் கிடப்பது போலிருக்கும். பாலக்கரையில் வீடு. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு, பருத்திச் சேலைக்குக் கீழே பையன்கள் போடும் விளையாட்டு ஷூவும், கொண்டைக்கு மேலே தொப்பியுமாக வந்து நிற்பார். டெலஸ்கோப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்கிப் போவது போல இருக்கும்.

அவருடைய கணவரை நான் பார்த்ததில்லை. நான் அக்காவை அறிவதற்கு முன்பே போய்விட்டவர். ஒருமுறை, தஞ்சாவூர் தாண்டி வேன் பஞ்சராகி ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தபோது அக்காவே சொன்னார். கணவருக்கு விடாத காய்ச்சல். ரத்தம் எடுத்தவரும் அக்காவே, தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தவரும் அவரே. இருக்கக் கூடாத அணுக்கள் அதில் கூட்டம் கூட்டமாக இருந்தன. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாராம்.

“நீ பாத்தியா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார் கணவர்.

“பாத்தேன்.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு, சாப்பாடு போடச் சொன்னாராம்.

அக்கா இதைச் சொல்லும்போது புளிய இலை உதிர்ந்து அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. தட்டிவிடவில்லை. வேனுக்கு அடியிலிருந்து ஜாக்கி கிரீச்சிட்டது.

அந்த வேன் எங்களை ஒவ்வொரு ஜனவரியும் கடலுக்குக் கொண்டுபோகும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர், பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் கடற்கரைப் பாதுகாப்புத் திருவிழா நடக்கும். பேனரில் அப்படித்தான் போட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அதைக் குருவித் திருவிழா என்பார்கள். தெர்மக்கோலில் செய்த ஆமை, கரையில் பொறுக்கிய குப்பையில் செய்த திமிங்கிலம், கன்னத்தில் மீன் வரைந்துகொண்டு ஓடும் பிள்ளைகள், மைக்கில் உறுதிமொழி, பந்தலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் டம்ளரில் மோர். விடிகாலையில் பறவை பார்க்கும் நடை. அதற்குத்தான் நாங்கள். திருச்சியிலிருந்து போகும் தொண்டர்கள்.

எங்களுக்குத் தலைவர் காட்டூர்ப் பேராசிரியர். விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்களில் பறவை தெரிந்தவர் என்றால் அவர்தான். பெட்ரோலும் டீயும் பெரிய கடைவீதியில் அத்தர்க் கடை வைத்திருந்த பாயின் உபயம். வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். அவர் ஏறினால் வேனே மணக்கும்.

நடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பூநாரை வேண்டும். இளஞ்சிவப்பாக, ஒற்றைக்காலில், போட்டோவில் இருப்பது போல. மற்ற தொண்டர்கள் சாமர்த்தியமாகச் சமாளிப்பார்கள். தொடுவானத்தில் ஒரு வெளிர்கோட்டைக் காட்டி, “அதோ பாருங்க, அதான்” என்பார்கள். வந்தவர்களுக்கும் சந்தோஷம். அக்காவிடம் வந்தவர்கள் பாவம்.

“மேடம், பூநாரை எங்க?”

“இன்னைக்கு இல்லைங்க.”

“அந்தப் பக்கம் வெள்ளையாத் தெரியுதே?”

“அது உப்பு.”

பாய்க்கு இதில் தீராத சிரிப்பு. “அக்கா, மறுமையில மலக்கு, உங்க தேவதூதருதான், வந்து முன்னால நின்னாலும் நீங்க விடமாட்டீங்க. எறக்கைய விரிச்சுக் காட்டுங்கன்னு கேப்பீங்க.”

“கேக்கணும்ல பாய்? யாரு வந்து நிக்கிறாங்கன்னு தெரிய வேணாமா?”

நடக்கும் இடம் ஒரு பெரிய சேற்றுவெளி. அலை ஏறும்போது நனைந்தும், இறங்கும்போது மினுங்கியும், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலக் கிடக்கும். வடக்கே எங்கோ பனியில் பிறந்த உள்ளான்கள் அந்த ஒன்றுமில்லாததை நம்பித்தான் அவ்வளவு தூரம் பறந்து வரும். குருவி அளவுதான் இருக்கும். சேற்றில் தையல் போடுவது போல் குத்திக்கொண்டே ஓடும். அரசாங்கக் கணக்கில் அந்த வெளி தரிசு. அதில் இறால் குட்டை வெட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. பேராசிரியர் மனுமேல் மனு போட்டுப் பார்த்தார். உள்ளான்கள் எங்கும் இருப்பவைதானே என்று பதில் வந்தது. எங்கும் இல்லாத பறவை ஒன்று அங்கே இருப்பதாக யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னால் மட்டுமே வேலையை நிறுத்தி மறுபடி ஆராய்வார்கள். அப்படி ஒரு பறவை உண்டு. கரண்டிமூக்கு உள்ளான். மூக்கின் நுனி சின்னக் கரண்டி போல் அகன்றிருக்கும். உலகத்திலேயே மிகக் குறைவாக மிஞ்சியிருப்பது. முன்பு அந்தக் கரையில் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பார் பேராசிரியர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கோயிலில் பேசுவது போல் தணிந்துவிடும்.

அந்த ஜனவரியில் அக்கா அதைப் பார்த்தார். அல்லது பார்க்கவில்லை.

நடை முடிந்து கூட்டம் இட்லிக்குத் திரும்பியிருந்தது. வழக்கம்போல அக்கா மட்டும் வரப்பு முனையில் டெலஸ்கோப்போடு. நானும் பேராசிரியரும் பாயும் சற்றுப் பின்னால். திடீரென்று அக்கா கையை முதுகுப் பக்கம் நீட்டி, அசையாதீர்கள் என்று காட்டினார். நாங்கள் உறைந்தோம்.

“கொசு உள்ளான் கூட்டம்” என்றார் மெல்ல. “நடுவுல ஒண்ணு. மூக்கு நுனி அகலமா இருக்கு.”

பேராசிரியரின் மூச்சு நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

“நேரா என்னப் பாத்து நிக்குது. அகலமாத்தான் இருக்கு.” பிறகு, “சேறாவும் இருக்கலாம்.”

பறவை பார்ப்பவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. சாதாரண உள்ளானின் மூக்கு நுனியில் கொஞ்சம் சேறு ஒட்டிக்கொண்டால், அது அப்படியே கரண்டிமூக்காகிவிடும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதில் ஏமாந்து, ஊரெல்லாம் சொல்லி, பிறகு வெட்கப்பட்டிருக்கிறார்கள். அது மூக்கைத் தண்ணீரில் ஒரு தரம் விட்டு எடுக்க வேண்டும். கழுவியும் கரண்டி அப்படியே இருந்தால் அதுதான்.

“தண்ணிப் பக்கந்தான் நடக்குது” என்றார் அக்கா. “இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்…”

அப்போதுதான் தலைக்கு மேலே அந்த ரீங்காரம் வந்தது. திருவிழாவைப் படமெடுக்க நாங்களே ஏற்பாடு செய்திருந்த டிரோன். சேற்றுவெளி மொத்தமும் ஒரு துணியை உதறியது போல எழுந்தது. வானத்தில் ஒரு தரம் வெள்ளையாகத் திரும்பி, ஒரு தரம் கறுப்பாகத் திரும்பி, கடல் பக்கம் போய் ஒன்றுமில்லாமல் ஆனது.

அக்கா டெலஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. காலி சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி அன்று மாலையே வந்துவிட்டது. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“பாத்தேன்னு சொல்லிடும்மா.”

“மூக்கு நுனி அகலமா இருந்துச்சுன்னு சொல்றேன் சார்.”

“அது பத்தாது. அந்தப் பறவைதான்னு சொல்லணும்.”

“சேறா இருந்தா?”

“சேறா இருக்கலாம்னு எனக்குத் தெரியாதாம்மா? நான் எத்தன வருஷம் இதப் பாடம் நடத்திருக்கேன்?” அவர் குரல் உடைந்தது. “ஒரு பேர்தாம்மா. அந்த ஒரு பேரச் சொன்னா மத்ததெல்லாம் பொழைக்கும். நான் பாத்திருந்தா சொல்லிருப்பேன். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருப்பேன். என் கெட்ட நேரம், டெலஸ்கோப்பு உன் கையில இருந்துச்சு.”

பாய்தான் இடையில் வந்தார். “அக்கா, உங்களுக்குச் சொல்ல மனசு வரலேன்னா குட்டைக்குக் கருத்துக் கேக்குற கூட்டத்துக்கு வராம இருந்துடுங்க. நாங்க சொல்லிக்கிறோம்.”

“நான் பாத்தத நீங்க எப்படிச் சொல்லுவீங்க பாய்?”

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை இருக்க வேண்டிய மேடையில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள். குட்டையில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த ஊர்க்காரர்கள் நடுவில். நாங்கள் கடைசியில். அக்கா வந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். மைக் அவர் உயரத்துக்கு இறங்கவில்லை. குதிகாலை உயர்த்தித்தான் பேசினார்.

“மூக்கு நுனி அகலமாத் தெரிஞ்சதுங்க. மூக்கே அப்படி இருக்கலாம். சேறாவும் இருக்கலாம். தண்ணிக்குப் போறதுக்குள்ள பறந்துடுச்சு.”

அதிகாரி நிமிர்ந்தார். “அந்தப் பறவைதான்னு சொல்றீங்களா, இல்லைன்னு சொல்றீங்களாம்மா?”

“அதுதான்னும் சொல்லல. இல்லைன்னும் சொல்லலைங்க.”

மண்டபம் சிரித்தது.

“ஏதாச்சும் ஒரு பக்கம் சொல்லுங்கம்மா.”

“நான் பாத்த பக்கத்தத்தாங்க சொல்றேன்.” ஒரு கணம் நிறுத்தினார். “மத்த உள்ளானையெல்லாம் நிச்சயமாப் பாத்தேன். மூக்கு, காலு, எல்லாம் தெளிவாப் பாத்தேன். அதுங்களும் பறவைதாங்க.”

“அதெல்லாம் எல்லா எடத்துலயும் இருக்கும்மா. உக்காருங்க.”

பேராசிரியர் எழுந்து வெளியே போனார். கூட்டம் கலைந்தபோது கம்பெனி ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டை, நல்ல முகம், அக்காவைத் தேடி வந்தார். கையில் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ்.

“ரொம்ப நன்றிங்க மேடம். உங்கள மாதிரி நேர்மையாப் பேசுறவங்க இருந்தா எங்களுக்கு வேலை சுலபம்.”

அக்கா அதை வாங்கிக்கொண்டார். குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. பஸ் வரும்வரை கையில் வைத்துக்கொண்டே நின்றார்; அதிலிருந்த ஐஸ் கரைவதைப் பார்க்கிறார் என்றுகூடத் தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் ஆட்கள் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். அன்பினால் மட்டும் அல்ல, சண்டை போடுவதற்காகவும்.

“ஒரு வார்த்தக்கா. ஒரே ஒரு வார்த்த.”

ஜன்னலுக்கு வெளியே திருத்துறைப்பூண்டி வயல்கள் அறுப்பு முடிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தபடியே பேசினார்.

“அவரு கேட்டாரு தம்பி, நீ பாத்தியான்னு. அன்னைக்கு மட்டும், சரியாத் தெரியல, வேற ஏதாச்சும் இருக்கலாம்னு சொல்லிருந்தா, இன்னும் கொஞ்ச நாளு பயமில்லாம இருந்திருப்பாரு. ஒரு தீபாவளி, ஒரு கிறிஸ்மஸ். நான் அவருக்கே மாத்திச் சொல்லல. இப்ப ஒரு குருவிக்காக மாத்திச் சொன்னேன்னா, அவருகிட்டச் சொன்னது என்னாவுறது?”

இன்றும் சில நாள் அவர் சொன்னதே சரி என்று எழுகிறேன். சில நாள், பொய் சொல்லியிருக்கலாமே, யாருடைய பாவம் கூடிவிடப் போகிறது என்று எழுகிறேன். ஒரு மனுஷியின் நாக்கு சுத்தமாக இருப்பதற்காக ஒரு கடற்கரையே போவதா? ஒரு நாக்கு சுத்தமில்லாமல் மிஞ்சும் கடற்கரையில் யார் எதை நம்பி என்ன பார்ப்பது? இந்த இரண்டுக்கும் நடுவே நான் அலைந்துகொண்டே இருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நடைகள் மெலிந்தன. பேராசிரியர் வருவதை நிறுத்திக்கொண்டார். பாய் மட்டும் எங்காவது பார்த்தால் நலம் விசாரிப்பார். பழைய கேலி இருக்காது. திருவிழாவை வேறொரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வந்த அழைப்பில் அக்காவின் பெயர் இல்லை. பிறகொரு நாள் மகள் வந்து அவரைத் தன்னோடு பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். பாலக்கரை வீட்டில் இப்போது வேறு யாரோ.

போவதற்கு முந்தைய ஜனவரியில் போன் செய்தார். “தம்பி, நம்ம எடத்துக்குப் போயிட்டு வரலாமா?”

அந்த இடம் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் போனோம். பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, காலையிலேயே போய் இறங்கினோம். சேற்றுவெளி கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருந்தது. கறுப்புத் தார்ப்பாய் விரித்த கரைகள். ஒவ்வொரு குட்டையிலும் சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீரை நுரைக்க அடித்துக்கொண்டிருந்தன. குருவிகள் இறங்காதபடி மேலே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். காவலாளி, வயதான பெண்மணி என்று நினைத்தோ என்னவோ, ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அக்கா ஸ்டாண்டை விரித்தார். கால்களைச் சரிபார்த்தார். கண்ணை வைத்தார். முதல் குட்டையின் இந்த முனையிலிருந்து தொடங்கி, ஒரு நூல் அளவு திருப்பி, நின்று, மறுபடி ஒரு நூல் அளவு திருப்பி. ஒவ்வொரு கரையாக. ஒவ்வொரு விளிம்பாக. வெயில் உச்சிக்கு வந்தது. சக்கரங்களின் இரைச்சல் தவிர எதுவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

“என்னக்கா பாக்குறீங்க? என்ன இருக்கு இங்க?”

“இல்லைங்கிறதையும் பாத்துத்தானே சொல்லணும்.”

டெலஸ்கோப்பை விட்டு விலகி, என்னை அழைத்தார். நான் குனிந்தேன். வட்டத்துக்குள் நுரை. கயிறு. தீவனம் வீசும் ஓர் ஆளின் முழங்கை. மறுபடி நுரை. வேகமாகத் திருப்பிக்கொண்டே போனேன். கண்ணில் நீர் கட்டி எல்லாம் கலங்கியது. நிமிர்ந்தேன்.

“ஒண்ணுமில்லக்கா. போலாம்.”

அவர் அசையவில்லை. இடது கண் இடுங்கியிருந்தது.

“கெழக்கு மூலைய நீங்க இன்னும் பாக்கலயே தம்பி.”